கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

“ஜூலை 6, சனி. மதியம் 1.40. கேன்டீன் ராக்கில் பன்னிரண்டு சிவப்பு ஸ்டிக்கர். பன்னிரண்டும் குழந்தைகள் புத்தகங்கள்.”

என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார்களுக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். கேன்டீனுக்குப் போகும் வழியில் ஒரு இரும்பு ராக் நிறையப் புத்தகங்கள் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை புதிதாக வாங்கக் கம்பெனி கொஞ்சம் பணம் ஒதுக்கும்; எதை வாங்குவது என்பது என் பொறுப்பு. மாதத்தின் முதல் தேதி, கை கழுவும் குழாய்களுக்கு மேலே ராக்கில் உள்ள சில புத்தகங்களைப் பற்றி ஒரு தாள் ஒட்டுவேன். ஜூன் மாதத் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு:

“பெரியவர்களுக்கு: உப்பளத்தில் உழைத்த ஒரு பெண் சொன்ன வாழ்க்கைக் கதை. அலங்காரம் இல்லை. நடுவில் நாற்பது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளவும். கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்வதற்குள் ஓர் அத்தியாயம் முடியும்.”

“குழந்தைகளுக்கு, மூன்று வயது முதல்: வெயிலில் நிழல் தேடிப் போகும் ஓர் ஆடு. பக்கத்துக்கு ஒரே வரி. படங்களே கதையைச் சொல்லிவிடுகின்றன.”

பெரியவர்கள் புத்தகங்கள் ஓரளவு போய்வந்துகொண்டிருந்தன. குழந்தைகள் புத்தகங்களை யாரும் தொடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. முப்பது நாள் பயன்படாத எந்தப் பொருளிலும், ஸ்பேனரோ நாற்காலியோ, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படும். அடுத்த ஒரு வாரத்துக்குள் யாரும் கேட்டு வரவில்லையென்றால் அது ஸ்கிராப்புக்குப் போகும். ஸ்டிக்கர் ஒட்டும் பொறுப்பில் இருந்தவர் வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரர். கறாரானவர், கெட்டவர் அல்ல.

“இன்னா சார் இது, முப்பது நாளா ஒருத்தனும் தொடல. தூசிதான் ஏறிகினு கீது” என்றார் அன்று.

“புத்தகம் ஸ்பேனர் இல்லீங்களே” என்றேன்.

“ரூலு ரூலுதான் சார். அதும் கொழந்த புக்கு! இங்க யாருக்கு சார் கொழந்த கீது? ஹாஸ்டல்ல கீறவங்க எல்லாம் சிங்கிளு.”

பக்கத்துக் குழாயில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். அசெம்பிளி லைனில் வேலை. சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஊர் கோவில்பட்டிப் பக்கம். “ஏன், ஹாஸ்டல்ல இருந்தா புள்ள பெத்திருக்கக் கூடாதோ?” என்றாள். “எனக்கு நாலு வயசுல ஒருத்தி இருக்கா.”

“யம்மா, நான் இன்னா கேட்டேன், நீ இன்னா பேசற!”

“நீங்க கேட்டதுக்குத்தான் சொல்லுதேன்” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, போன்ல வாசிச்சுக் காட்டுத மாதிரி இதுல ஒண்ணு இருக்கா? என் புள்ள போனுக்கே வரமாட்டேங்கா. சாப்ட்டியா, குளிச்சியான்னு எத்தன நாளைக்குக் கேக்க? அவளுக்குச் சலிச்சுப் போச்சு. வீடியோ போட்டா அவ மூஞ்சிய அவளே பாத்து இளிச்சிட்டு ஓடிருதா.”

குழந்தை ஊரில் தகப்பனோடு இருந்தது. அவர் வாடகை வேன் ஓட்டுகிறவர். தினமும் அவர்தான் போனைக் கொண்டுபோய்க் குழந்தையின் காதில் வைப்பாராம். பத்து நாளாக அவள் அதைத் தட்டிவிடுகிறாள் என்று அந்தப் பெண் சொன்னாள். தட்டைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

பன்னிரண்டில் சிறந்தது என்று நான் நினைத்ததை, அந்த ஆட்டுப் புத்தகத்தை, எடுத்துக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டதும் அது பயன்பாட்டிலுள்ள பொருளாகிவிட்டது. ஆகவே ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். அட்டையில் ஒட்டினால் அசிங்கமாகிவிடும் என்று ஸ்டிக்கர்காரர் அக்கறையோடு உள்ளே, கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்டியிருந்தார். மெஷினில் எண்ணெய் பட்டாலும் உரியாத ரகம் அது. இழுத்ததும் பக்கத்தின் மேல்தோல் முழுவதும் அதோடு வந்துவிட்டது. படமும் போயிற்று, வரியும் போயிற்று.

ஸ்டிக்கர்காரர் வெள்ளையாகிப்போன தாளைத் தடவிப் பார்த்தார். “பரவால்ல வுடு சார். கத முடிஞ்சிட்ச்சின்னு அர்த்தம்.”

“நல்லா முடிச்சீங்க போங்க” என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை, ஜூலை 9, அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“புத்தகத்துல குத்தமில்ல அண்ணாச்சி. நான் ‘ஆடு நடந்து போச்சு’ன்னு வாசிக்கேன். அவ ‘எங்க?’ங்கா. ‘மரம் இருந்துச்சு’ங்கேன். அதுக்கும் ‘எங்க?’ங்கா. நான் என்னத்தச் சொல்ல? அப்புறம் போன வச்சிட்டுப் போயிட்டா.”

படங்களே கதையைச் சொல்லிவிடுகின்றன என்று நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். படத்தைப் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்து கேட்கும் குழந்தை என் நினைப்பிலேயே இல்லை. எனக்குத் தெரிந்த குழந்தைப் புத்தகங்கள் எல்லாமே மடியில் உட்காரவைத்துப் படிப்பவை. அன்று மாலை வீட்டில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மற்ற பதினொன்றையும் என் மனைவியை வாசிக்கச் சொன்னேன். காதால் மட்டும் கேட்டபோது மூன்றுதான் தேறின. மறுநாள் அந்த மூன்றையும் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை; ஆட்டுப் புத்தகத்தையே திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“அவ அந்த ஆட்டத்தான் கேக்கா. ‘எங்க’ன்னு கேட்டாள்லா, அது அவளுக்குப் புடிச்சிருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா? ஊருக்கு அனுப்பிருவேன். அவகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு.”

சென்னையில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்கு போன் செய்தேன். கடைசியாக ஒரு பிரதி இருக்கிறது, மறுபதிப்பு வருமா என்று தெரியாது என்றார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று அவள் ஊர் விலாசத்துக்கே அனுப்பச் சொன்னேன். அப்படிச் செய்ததால் அந்தப் பிரதியை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. இதைக் குறித்துவைப்பது அவசியம்.

ஜூலை 19, வெள்ளிக்கிழமை புத்தகம் ஊரில் கிடைத்தது. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். ஆகவே மதியம் தொடங்கி இரவில் முடியும் பி ஷிஃப்ட் வாரங்களில் மாலை ஆறரை மணி இடைவேளையில், மற்ற வாரங்களில் ஹாஸ்டலிலிருந்து, அவள் வாசிப்பாள். “அடுத்த பக்கம் திருப்பு” என்பாள். அங்கே குழந்தை திருப்பும். ‘எங்க?’ என்ற கேள்வி நின்றுவிட்டது. “மரத்துக்கு அந்தால ஒரு காக்கா இருக்கு, நீ பாக்கலியா?” என்று குழந்தை இவளைக் கேட்க ஆரம்பித்தது.

கடைசிப் பக்கம் வந்ததும் அவளிடம் வாசிக்க ஒன்றுமில்லை. “எனக்கு இந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு, நீ சொல்லு” என்றிருக்கிறாள். குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பார்த்துச் சொன்னது. அன்றிலிருந்து ஆறு மணிக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறதாம்.

மற்ற பதினொன்றில் ஐந்தை லைனில் இருந்தவர்கள் எடுத்துப் போனார்கள். அக்கா பிள்ளைக்கு, அண்ணன் பிள்ளைக்கு என்று சொன்னார்கள். ஆறு ஸ்கிராப் வரிசைக்குப் போனது. கேட் பாஸ் எழுதி அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதன்பின் குழந்தைகளுக்கென்று குறைவாகவே வாங்குகிறேன், ஆனால் எதை வாங்கினாலும் இரண்டு பிரதி. தாளில் ‘போனில் வாசிக்கலாம்’, ‘போனுக்கு ஆகாது’ என்றும் குறிக்கிறேன். ஸ்டிக்கர்காரர் இப்போது ராக்கின் கம்பியில்தான் ஒட்டுகிறார்.

ஆட்டுப் புத்தகம் எப்படி முடிகிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல். வாங்கியபோது படித்தவன்தான். ஆனால் என் குறிப்பில் “முடிவு நன்று” என்று மட்டும் இருக்கிறது. குழந்தை போனில் சொன்ன முடிவுகளாக அந்தப் பெண் சொல்லக் கேட்டு எழுதியவை இவை:

ஜூலை 22: லாரிக்கு அடியில் படுத்திருக்கிறது.
ஜூலை 24: அப்பாவின் வேனுக்குள்.
ஜூலை 26: ஹாஸ்டலில், அம்மாவின் கட்டிலுக்கு அடியில்.

“உன் வீட்டுக்காரரை அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேன்” என்றேன்.

“சும்மா இருங்க அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அவ எதுக்குச் சொல்லப் போறா?”

மூன்றில் முதலாவது புத்தகத்தில் உள்ளதாக இருக்கலாம். அதற்கு ஆதாரம் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஆடு எங்கே இருக்கிறது என்பதை இன்றுவரை நான் சரிபார்க்கவில்லை.