அவள் வீட்டுக் கடிகாரங்கள்

என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, வீடு கட்டியபோது ஹாலில் வெள்ளைக்காரர் வீட்டில் இருப்பதுபோல் குளிர் காயும் அடுப்பு மாடம் ஒன்று கட்டச் சொன்னாள். திண்டுக்கல்லில்! மின்விசிறி போட்டாலே அனல் அடிக்கிற ஊரில்! கொத்தனாரே சிரித்தாராம். அவள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, அதேபோல் வேண்டும் என்று நின்றாள். மாடத்துக்குள் நெருப்புக்குப் பதில் பித்தளை அண்டா வைத்தாள். மேலே தேக்குப் பலகை போட்டு, பழைய கடிகாரங்களை வரிசையாக நிறுத்தினாள். மரக்கூடும் வெள்ளை முகமுமாக, சாவி கொடுத்தால் ஓடி, மணிக்கு மணி அடிக்கிற கடிகாரங்கள்.

எனக்கும் புது வீடுதான். பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் சுவர்க் கடிகாரமே கொடுத்தார்கள். பிளாஸ்டிக் சட்டம், நடுவில் பிள்ளையார், அடியில் கொடுத்தவர் பெயர். முக்கால்வாசி இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கின்றன. என் வீட்டுக்கு வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் வீட்டுக்குப் போனவர்கள் கடிகாரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமனார் காலமான பிறகு சித்தையன்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு வந்த என் மாமியார், மூத்த மருமகள் நான் இருக்க, நேராக அவள் வீட்டில் போய்த் தங்கினார். "அங்க ஹாலு பாக்க கொலு வச்ச மாதிரி இருக்கு தாயி" என்று என்னிடமே சொன்னார். வயிறு எரிந்தது. கல்யாண வீடுகளில் யாராவது, "அத்தை ஒங்ககூட இல்லையா?" என்று கேட்டால் பந்தியில் பாதியில் எழுந்துவிடலாம் போலிருக்கும். அவர் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தக் கடிகாரங்கள்தான் அவரைக் கட்டிப் போட்டிருக்கின்றன என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாள். போய்ப் பார்த்தால், கடிகாரம் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், தலையில் ஒரு கிள்ளு செவ்வந்தி. பூஜைக்கு வைத்ததை அன்றைக்குப் புழங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்தியும் வைத்திருந்தாள். சும்மாவே அழகு, இதில் அலங்காரம் வேறு. பொரிகடலைத் தட்டை அப்படியே கீழே வைத்தேன். மாமியார் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தவர், விளக்கேற்றும் வரை அசையாமல் தூங்கினார்.

"அத்தை இம்புட்டு நேரம் தூங்கி நான் பாத்ததே இல்லக்கா" என்றாள் ஓர்ப்படி.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கண்ணெல்லாம் அந்தப் பலகை மேல் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாள். பேகம்பூரில் பழைய மரச்சாமான் விற்கும் பாய் கடைக்குப் போய், அவளிடம் இருப்பதையெல்லாம்விடப் பெரிதாக ஒன்று எடுத்தேன்.

"சத்தம் கொஞ்சம் கூடுதல்மா, தெருவுக்கே கேக்கும்" என்றார் பாய்.

"அதான் வேணும்" என்றேன்.

டிவியை ஓரம் தள்ளி, கடிகாரத்தை நடுவில் வைத்து, சந்தனம் இட்டுச் சாவி கொடுத்தேன். அது அடித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இனி மாமியாரைப் போய் அழைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

நான் அழைப்பதற்குள் அவரே வந்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு பிற்பகல் வாசலில் ஆட்டோ நின்றது. துணிப்பையோடு இறங்கி, ஹாலில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மணியடிச்சு மணியடிச்சே என் தூக்கம் போச்சு தாயி. பூசையன்னைக்கு எல்லாம் நின்னப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. இனிமே ஒன்கூடத்தான் இருக்கப் போறேன். ஒன் வீட்டுல அந்தத் தொல்லை இல்ல பாரு."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் கொண்டுவர ஓடினேன். சொம்பை அவர் கையில் கொடுக்கும்போது மணி நாலு அடித்தது. மாமியார் சொம்போடு திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏத்தா, நீயும் வாங்கிட்டியா?" என்றார்.

நான் பாய்ந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து ஊசலைப் பிடித்து நிறுத்தினேன்.

இப்போது மாமியார் என்னோடுதான் இருக்கிறார். கல்யாண வீடுகளில் யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். கடிகாரம் அன்றைய நாலு மணியிலேயே நிற்கிறது. ஓர்ப்படி வந்து பார்த்தாள். "எம்புட்டு அழகாருக்கு! ஆனா ஓடாத கடியாரத்த வீட்டுல வைக்கக் கூடாதுக்கா" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அக்கறையைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

மாமியார் மதியம் நன்றாகத் தூங்குகிறார். எழுந்ததும் காபி கேட்பார். இரண்டு வாய் குடித்துவிட்டுச் செத்த நேரம் தெருப் பக்கம் காதைக் கொடுத்தபடி இருப்பார்.

"இந்நேரம் அங்க எல்லாம் ஒண்ணா அடிச்சிருக்கும்ல?" என்பார், என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே.