தலைச்சுற்றல் என்று எழுதிய காகிதம்

ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோதுதான் அம்மையப்பனுக்கு அறை சுழன்றது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். துபாயில், ஜெபல் அலி துறைமுக யார்டில் பதினோரு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். எட்டு மாடி உயரத்தில்கூட அவருக்கு ஒருநாளும் கண் இருண்டதில்லை.

இரண்டு நாள் டூட்டிக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் அருள்ராஜ் போன் செய்தான். "அண்ணே, நாளைக்குள்ள டாக்டர் சர்டிபிகேட் அனுப்புங்க. இல்லாட்டி ஆப்சென்ட்டு போட்டுருவாங்க."

தொழிலாளர் கேம்புக்குப் பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் ஷஹீரா அவரைப் படுக்கவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பினார். கூரை சுழன்றது, குமட்டிக்கொண்டு வந்தது.

"காதுக்குள்ள சின்னக் கோளாறு. சரியாயிடும்" என்றபடி சர்டிபிகேட் எழுதத் தொடங்கினார்.

"டாக்டரம்மா, காய்ச்சல்னு எழுதிருங்களேன். தலைசுத்தல்னு போட்டா என்னையக் கிரேன்ல ஏத்த மாட்டாக."

"ஏத்தக் கூடாதுதான். மேல இருக்கும்போது சுத்துனா, கீழ நிக்கிறவங்க என்ன ஆவாங்க?"

டாக்டர் நீட்டிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மையப்பன் வெளியே வந்தார்.

டீக்கடையில் வாங்கிய டீ ஆறிப்போனது. காகிதத்தைக் காட்டாமல் விட்டால் இரண்டு நாள் ஆப்சென்ட்டோடு போய்விடும். கிரேன் கையில் இருக்கும். ஆனால் காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தபோதே தலை சுழன்று விரிப்பைக் கசக்கிப் பிடித்தவர் அவர். அது நினைவுக்கு வந்ததும் காகிதத்தைப் படமெடுத்து அருள்ராஜுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். உடனே மனசு மாறியது. அழித்துவிடலாம் என்று பார்ப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

பதில் வரவில்லை. அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தார். நிமிடத்துக்கொரு முறை போனைத் தடவினார். "அதுக்கு வாயிருந்தா அழுதிருக்கும், உக்காருங்கண்ணே" என்றான் அறைத்தோழன் விமல்.

சாயங்காலம் அருள்ராஜே பேசினான். "ஃபிட்னு பேப்பர் வர்ற வரைக்கும் கீழ சிக்னல் டூட்டிண்ணே. ஸ்பேர் ஆபரேட்டர் உஸைர் கிரேனை ஓட்டட்டும்."

மூன்று வாரம் தரையில் நின்று உஸைருக்குக் கை காட்டினார். உஸைர் நன்றாகவே ஓட்டினான். அதுதான் அவரை அதிகம் அரித்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்த தலைப் பயிற்சியை ஒருவேளைகூட விடவில்லை. நான்காம் வாரம் ஷஹீரா ஃபிட் என்று எழுதினார். கம்பெனி டாக்டரும் ஒருமுறை படுக்கவைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஏறுங்கண்ணே" என்றான் அருள்ராஜ்.

பாதி ஏணியில் நின்று தலையை வலமும் இடமும் சாய்த்துப் பார்த்தார் அம்மையப்பன். ஒன்றும் சுழலவில்லை. கம்பியை இறுகப் பிடித்தபடி மேலே ஏறினார். ஆனாலும் இரவில் வலப்பக்கம் புரண்டு படுக்க அவருக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.