கூடாரத்துக்கு ஒரு கக்கூஸ்

எழுபதுகளின் நடுவில், கம்பம்மெட்டுக்கு மேலே, மலையாளப் பக்கத்து ஏலக்காட்டுச் சரிவில் இருந்த ஒரு மண் ஆய்வு முகாமில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. மண்ணைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு வேலையும் மண்ணில்தான் கிடைக்கும் என்பதை வீட்டில் யாரும் யோசித்திருக்கவில்லை. அப்பா ஜீப் வரைக்கும் வந்து, போர்வையும் ஒரு குடையும் கொடுத்துவிட்டுப் போனார்.

முகாமில் ஐந்து கூடாரங்கள். ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. முகாம் அதிகாரி பாலக்காட்டு டவுனில் கோயில் தெருக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கண்டிப்பானவர், நல்லவர். உடம்பின் கீழ்ப்பாதி என்று ஒன்று இருப்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

போன மறுநாள் காலை அவரிடம் கேட்டேன்.

“ஏனுங் சார், பாத்ரூம் எங்கீங்க?”

“குளிக்கறதுக்குக் கீழே ஓடை இருக்கே.”

“குளிக்கறதுக்கு இல்லீங் சார்.”

அவர் மேசையில் இருந்த பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. அது தீரும் வரைக்கும் சீவுவார் என்று தெரிந்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. மலை முழுக்க அவர்களுடையது. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எந்தத் திசையில் நடந்தாலும் சரி. நான் விடியும் முன்னே எழுந்து, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய், அட்டைகளோடு போராடிவிட்டு வருவேன். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் அட்டைக்குப் பிடிக்கும். விடிந்துவிட்டால் அப்புறம் பொழுது சாயும் வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். மூன்றாவது வாரம் அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்தன. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், “தண்ணி நல்லாக் குடிக்கணும்” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை.

வலியைவிட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. மற்றவர்கள் காட்டுக்குள் போய்க் குழி வெட்டி மண் எடுத்து வருவார்கள். நான் கூடாரத்தில் உட்கார்ந்து அந்தப் பைகளுக்கு லேபிள் எழுதுவேன். என்னையும் அனுப்பச் சொல்லிக் கேட்டால் அதிகாரி சொல்வார்: “அங்கே லேடீஸுக்கு ஒரு ஏற்பாடும் கிடையாது கேட்டயா. நீ இங்கே இருந்து எழுதினாப் போறும்.”

ஆக, என் படிப்பை என் மூத்திரப்பை கட்டிப்போட்டிருந்தது.

காய்ச்சல் விட்டதும் ஜில்லா ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முகாமுக்கு முகாம் எடுத்துப் போகக்கூடிய கக்கூஸ் ஒன்று வேண்டும் என்று பச்சையாக எழுதியிருந்தேன். அதிகாரி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘அத்தியாவசிய ஏற்பாடு’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். பத்து நாள் கழித்து ஆபீசிலிருந்து ஒரு அரிக்கேன் விளக்கு வந்தது.

இரண்டாவது கடிதத்தை அவருக்குக் காட்டாமலே அனுப்பினேன். இந்தத் தடவை ஒரு மடக்கு நாற்காலி வந்தது. இரும்புக் கால்கள், கான்வாஸ் உட்காரும் இடம், நடுவில் வட்டமாக ஓட்டை. பட்டாளத்தில் கழித்துவிட்ட சாமான் என்றார்கள். எங்கள் சமையல்காரர் கம்பத்துக்காரர், நல்ல கனத்த உடம்பு. “நீ இரு தாயி. நான் மொதல்ல உக்காந்து பாக்கேன்” என்று வேட்டியோடு அதில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு கணம் யோசித்தது. பிறகு மடங்கியது, அவரோடு சேர்ந்து. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தோம்.

“இதுல ஒருத்தன் உக்காந்துட்டுச் சண்டைக்குப் போயிருக்கான் பாரு” என்றார் இடுப்பைத் தடவிக்கொண்டே. “இதுக்குச் சண்டையே தேவல.”

நல்ல வழி சொன்னவரும் அவர்தான். பக்கத்து எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது என்றார். மறுநாளே இருவரும் ஜீப்பில் போனோம். பங்களாக் காவல்காரர் விறகுக் கொட்டகையிலிருந்து அதை இழுத்துப் போட்டார். ஈட்டி மரப்பெட்டி. மேலே மூடி, மூடிக்குக் கீழே வழவழப்பான வட்டப் பலகை, உள்ளே பீங்கான் பூசிய இரும்புச் சட்டி. இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி. முன்னால் ஒரு பூட்டு, அதற்குச் சாவியும் இருந்தது.

“தொர இதுல உக்காந்துதான் பேப்பர் படிப்பாரு” என்றார் காவல்காரர். “புது மொதலாளி தண்ணி ஊத்துற மாதிரிக் கட்டிட்டாரு. எடுத்துட்டுப் போங்க, கோழி முட்ட வச்சு நாறுது.”

இந்தத் தடவை நானே உட்கார்ந்து பார்த்தேன். கொட்டகை வாசலில், பட்டப்பகலில், சேலையோடுதான். அசையவில்லை. துரைமார் இந்த மலையில் எப்படி அவ்வளவு தைரியமாக இருந்தார்கள் என்று அப்போது புரிந்தது.

திரும்பி வரும்போது கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். ஏலக்காய் திருட்டுத்தனமாகக் கீழே போகிற காலம். பூட்டுப் போட்ட பெட்டியைப் பார்த்ததும் காவலுக்கு நின்றவருக்குக் கண் மின்னியது.

“உள்ளே என்ன?”

“தொர வீட்டு நாக்காலிங்க” என்றார் சமையல்காரர்.

“நாற்காலிக்கு எதுக்குப் பூட்டு? திற.”

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். நான் சாவியைக் கொடுத்தேன். அவர் மூடியைத் தூக்கி, ஓட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, சட்டியின் அடியைத் துழாவினார். ஏலக்காய் கிடைக்கவில்லை.

“இது என்ன சாதனம்?” என்று என்னைக் கேட்டார்.

“கக்கூஸுங்க” என்றேன்.

அந்த வார்த்தையை அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் சொன்னது அதுவே முதல் தடவை. எதுவும் இடிந்து விழவில்லை. அவர் கை மட்டும் மின்னல் மாதிரி வெளியே வந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஜீப் கிளம்பிய பிறகும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, மலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக.

என் கூடாரத்துக்குப் பின்னால் நான்கு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, பெட்டியை உள்ளே வைத்தோம். ஒவ்வொரு தடவையும் அடுப்புச் சாம்பல் இரண்டு கை போட்டால் நாற்றமில்லை, ஈயில்லை. சட்டியைக் கொட்ட ஓர் ஆளை வைத்துவிடலாம் என்று அதிகாரி, ஆகாயத்தைப் பார்த்தபடி, சொன்னார். “வேண்டாமுங் சார், என்னுத நானே கொட்டிக்கறேன்” என்றேன். குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டி, மண்ணை இழுத்துவிட்டு, ஓடைத் தண்ணீரில் கழுவ ஐந்து நிமிஷம் ஆகும். மண்ணைப் படித்தவளுக்கு அது பெரிய காரியமில்லை.

“இப்பப் போலாங்களா சார், ஃபீல்டுக்கு?” என்று கேட்டேன்.

“பெட்டியைத் தலையிலே வச்சுண்டு காட்டுக்குள்ளே போவாயோ?” என்றார். மறுபடியும் லேபிள்தான்.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி முகாமைப் பார்க்க வந்தார். சமையல்காரர் பலாச்சுளையும் பன்றிக் கறியும் போட்டு அவரை வரவேற்றார். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. எங்கள் அதிகாரி ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்து, கையை நீட்டி, “அந்த... சாவி” என்றார். கொடுத்தேன்.

பெரியவர் உள்ளே போன சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு அறுந்து படபடவென்று அடித்தது. மூன்று ஜில்லாக்களுக்கு அதிகாரி, மறைப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் நிலை. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“யாரது?” என்று உள்ளேயிருந்து மலையாளத்தில் கேட்டார்.

“நானுங் சார். தார்ப்பாயைப் புடிச்சிருக்கேன். நீங்க நிதானமா இருங்க.”

 மனிதர் சங்கடத்தை மறைக்க ஆபீஸ் பேச்சு பேசினார்.

“நீ இதுவரை எத்தனை குழி பார்த்தாய்?”

“சட்டி கொட்டற குழி ஒண்ணுதானுங் சார். மண்ணுக்குழி ஒண்ணும் பாக்கலைங்க.”

“ஏன்?”

“வெளியில லேடீஸுக்குக் கக்கூஸ் இல்லைன்னு அனுப்பறதில்லீங்க.”

 அந்தக் காரணம் எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்பதை யோசிக்க அதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

“நாளை முதல் நீ போ” என்றார். பிறகு தயங்கி, “இதை யார் சுத்தம் பண்ணுவது?”

“இங்கே அவங்கவங்கதானுங் சார். சாம்பல் வலது கைப்பக்கம் இருக்குதுங்க.”

அவர் மறுக்கவில்லை. மழை தணிந்ததும் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குழிக்கு நடந்தார். எங்கள் அதிகாரி குடையை விரித்து, பின்னாலேயே ஓடினார். குடை பெரியவருக்கா சட்டிக்கா என்று கடைசி வரை தெரியவில்லை. மற்ற ஆண்கள் எல்லாரும் வேறெங்கோ பார்ப்பது போல இதைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் நான் காட்டுக்குப் போனேன். பெட்டி இல்லாமல்தான். மத்தியானம் எனக்கு அவசரமானதும், ஏலக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே மூத்தவள் ஒருத்தி எழுந்தாள்.

“ஒதுங்கணுமா தாயி? கொடைய விரிச்சு மேட்டுப்பக்கமா சாச்சு வையி. களைக்கொத்த எடுத்துட்டுப் போ, குழியப் பறிச்சு மூடிரு. நாங்க இந்தா நிக்கோம், ஒரு பய வரமாட்டான்.”

மூன்று பேர் சாக்குகளை விரித்துப் பிடித்து எனக்கு முதுகு காட்டி நின்று, தங்கள் மேஸ்திரியைப் பற்றிக் கெட்ட வார்த்தைகளில் பேசிச் சிரித்தார்கள். உள்ளே இருந்து நானும் சிரித்தேன். அன்று மாலை நான் எடுத்த முதல் மண் பையில் என் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினேன்.

பெட்டியை அப்புறம் நான் அதிகம் தேடவில்லை. ஆனால் பாறைப்பக்கம் போக முழங்கால் ஒத்துழைக்காத ஒருவர் தினமும் விடிகாலையில் அதைத் தேடினார். சாவி என் கூடாரத்து வெளிக்கம்பத்து ஆணியிலிருந்து காணாமல் போகும், வெயில் ஏறும்போது திரும்பத் தொங்கும். சட்டி பளபளவென்று கழுவியிருக்கும். நானும் கேட்கவில்லை, எங்கள் அதிகாரியும் சொல்லவில்லை. முகாமைப் பாலக்காட்டுப் பக்கம் அகளிக்கு மாற்றியபோது லாரியில் எல்லாவற்றுக்கும் முதலில் ஏறியது அந்தப் பெட்டிதான். “மெதுவா, மெதுவா, மரம் கீறப்படாது” என்று பக்கத்தில் நின்று ஏற்றிவிட்டார்.