பூச்சியம் என்ற குதிரையும் முதுகுப்பிடிப்பு மாஸ்டரும்

போன மாதம் என் முழங்காலில் ஒரு வலி வந்தது. வயதாகிவிட்டது என்று சொல்ல மனமில்லாமல், வீட்டுப் படிக்கட்டில்தான் குற்றம் என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். மகள் அதைக் காதில் வாங்காமல் மருந்துக்கடையிலிருந்து ஒரு தைலப் போத்தலை வாங்கிவந்து மூடியைத் திறந்தாள். கற்பூரமும் டர்பன்டைனும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், "ஐயோ, குதிர வாசம்!" என்று கத்திவிட்டேன்.

"அம்மா, இது மனுசங்களுக்குப் பூசுறது" என்றாள் மகள், கொஞ்சம் பயந்துபோய்.

அவளுக்கு எப்படித் தெரியும்? நுவரெலியாவில் இதே தைலத்தைக் குதிரையின் காலில் பூசிவிட்டு, உள்ளங்கையில் மிஞ்சியதை வீணாக்காமல் தன் முழங்காலிலும் தேய்த்துக்கொள்ளும் ஒரு கணக்கு மாஸ்டரை எனக்குத் தெரியும். இருவருக்கும் அது நன்றாகவே வேலை செய்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் கிளாக்காகச் சேர்ந்தேன். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார். ஊரும் சும்மா இருக்கவில்லை, எனக்குக் 'குதிரைக் கிளாக்கம்மா' என்று பெயர் வைத்தது. மாடு, ஆடு, கோழி எல்லாம் பார்க்கிற அலுவலகம்தான் அது. ஆனால் நான் பெற்றுவந்த வரம், குதிரைப் பதிவேடு என் தலையில் விழுந்தது. சீசன் காலத்தில் நுவரெலியாவுக்கு வருகிறவர்களைச் சவாரி ஏற்றும் குதிரைகளுக்கெல்லாம் ஊசி போட்டாயிற்றா, லாடம் சரியா, புண் இருக்கிறதா என்று டொக்டர் பார்த்துச் சொல்ல நான் எழுத வேண்டும். முதலில் உரிமையாளரின் பெயர், அடுத்து விலாசம், அதற்கடுத்து தொழில்.

அந்தத் தொழில் பத்திதான் என்னைத் திணறடித்தது. குதிரை வைத்திருப்பவர்களிடம் தொழில் கேட்டால் குதிரை என்றுதான் சொல்வார்கள் என நினைத்திருந்தேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவர் மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. ஒருவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பியசேன என்பவர் கினிகத்தேனை பஸ்ஸில் கண்டக்டர். தன் குதிரை நகராமல் நின்றால், பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று நெரிசல் பஸ்ஸில் ஆட்களை முன்னால் தள்ளுகிற அதே குரலில் சொல்வார். முன்னால் ஒரு ஆளும் இல்லாத வெட்டவெளியில் அந்தக் குதிரை ஏதோ இடம் பிடிக்கப் போவதுபோல நெளிந்து நெளிந்து நடக்கும்.

குதிரைகள் சவாரிக்கு நிற்கும் திடலுக்கு எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருந்தார் சண்முகம் அண்ணன். அவருடைய குதிரையின் பெயர் மினிஸ்டர். தின்னும், தூங்கும், நாலு பேர் தள்ளினால்தான் எழும்பும் என்பதால் அந்தப் பெயர்.

"தொழில் என்னாங்கண்ணே?" என்று கேட்டேன்.

"சலூனு."

"அப்ப குதிர?"

"அது குடும்பம் தங்கச்சி. குடும்பத்த யாராச்சும் தொழில்னு எழுதுவாங்களா?"

இவர்களுக்கிடையில்தான் யாழ்ப்பாணத்து மாஸ்டர் வந்து நின்றார். ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட சட்டை, பையில் நாலு நிறத்தில் பேனைகள். யுத்தத்தில் ஊர்ப்பாதை மூடிக்கிடந்ததால் மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டு தனியாக இருந்தார். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு பெட்டைக் குதிரையை யாரோ விற்கப் பார்த்தார்களாம். வேடிக்கை பார்க்கப் போன மாஸ்டர் கயிற்றோடு திரும்பி வந்துவிட்டார். ஓடிய பந்தயம் ஒன்றிலும் அது வெல்லவில்லை என்று அறிந்து, பூச்சியம் என்று பெயரும் வைத்துவிட்டார். வாடகை வீட்டில் கார் நிறுத்தும் கொட்டில் அதன் மாளிகை.

மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தும் மாஸ்டர் கேட்கவில்லை. "விவசாயம்னு போடுங்க மாஸ்டர், பள்ளிக்கூடத்துல கேள்வி கீள்வி வந்துறும்" என்றார் சண்முகம் அண்ணன். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி, "பதிவேட்டிலை பொய் எழுதக் கூடாது. எழுதும் பிள்ளை, பயிற்றப்பட்ட கணித ஆசிரியர்" என்றார். எழுதினேன், அழகான கையெழுத்தில். அதுதான் பிறகு என் கழுத்துக்கு வந்தது.

இவ்வளவு உண்மை பேசும் மனிதர் ஒரு தவணைப் பரீட்சையில் என்ன செய்தார் தெரியுமா? சந்தையில் கிடைக்கும் கரட் இலையை விடைத்தாள் கட்டு இருந்த அதே பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பூச்சியத்துக்கு இலைக்கும் தாளுக்கும் பேதம் தெரியவில்லை. வகுப்பில் பாதிப் பேரின் கணக்கு குதிரையின் வயிற்றுக்குள் போய்விட்டது. தின்னப்பட்ட தாள் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது புள்ளி போட்டுவிட்டார். அதுவரை ஐம்பதைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் குதிரைக்குத் தினமும் கரட் கொண்டுவந்து கொடுத்தார்களாம், அடுத்த தவணையையும் மனதில் வைத்து.

சரி, சீசனுக்கு வருகிறேன். ஏப்ரல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தும் அந்த வருடம் சீசன் கூட்டம் வடியவில்லை. திடலில் ஒரு சட்டம் இருந்தது. சீசன் முடியும்வரை மூன்று நாள் தொடர்ந்து வராத குதிரையின் இடம் வேறு குதிரைக்குப் போய்விடும். பிறகு அடுத்த வருடமும் கிடைக்காது. பள்ளிக்கூடம் திறந்ததால் பூச்சியம் இரண்டு நாள் வரவில்லை. சண்முகம் அண்ணனுக்கோ சலூனில் கூட்டம், மினிஸ்டரை அவருடைய மச்சான்தான் பார்த்துக்கொண்டான். இரண்டு குதிரைக்கு ஒரு மச்சான் போதாது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மாஸ்டர் முதுகுப்பிடிப்பு என்று பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் அனுப்பிவிட்டுத் திடலுக்கு வந்தார். "பதிவேட்டில பொய் கூடாதுன்னீங்களே" என்று நான் கிண்டினேன். "பதிவேடு வேறை, லீவுக் கடிதம் வேறை பிள்ளை" என்றார், தேற்றம் நிறுவுகிற முகத்தோடு.

யாரும் அடையாளம் காணாதபடி சண்முகம் அண்ணன் அவருக்கு வேஷம் போட்டுவிட்டார். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா, கழுத்தில் மப்ளர், கிழிந்த ஜேர்சி. ஆனால் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் வந்து குதித்துவிடுகிறதே! அதற்கும் ஒரு வகுப்பு நடந்தது.

"'ஓம்'னு சொல்லாதீங்க மாஸ்டர், 'ஆமாங்க'."

"ஆமாங்கோ."

"அந்தக் 'கோ'வ சலூன்லயே விட்டுட்டுப் போங்க. 'ஆமாங்க'. 'ஏறுங்க'. 'புடிச்சுக்கிருங்க'."

மாஸ்டர் கடைசி வாங்கில் உட்காரும் பையனைப்போல உதட்டுக்குள் மனப்பாடம் செய்துகொண்டே போனார்.

மத்தியானம்வரை பிசகில்லை. பட்டிப்பொலப் பக்கத்தில் ஒரு மாட்டுக்குக் கன்று சிக்கிவிட்டதென்று டொக்டர் போய்விட்டார். நான் மட்டும் திடலோரம் ஸ்டூலில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கோட்டுப் போட்ட ஒருவர் ஐந்து வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாஸ்டரின் முகம் மப்ளருக்குள் வெளுத்தது. என் பக்கம் குனிந்து, "எங்கடை கல்வி அதிகாரி. புதுசா வந்தவர். நான் ஒருக்கா கூட்டத்திலை தூரத்திலை கண்டனான்" என்று முணுமுணுத்தார்.

அந்தச் சிறுமிக்கு வேறு குதிரையே வேண்டாமாம், பூச்சியம்தான் வேண்டுமாம்.

"தங்கச்சி, இந்தக் குதிரை சாதுவோ?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். அவரும் யாழ்ப்பாணம்! "சாதுங்க சேர்" என்றேன்.

"ஆரின்ரை குதிரை? என்ன வேலை செய்யிறவர்?"

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. ஆனாலும் பெருவிரலை மாஸ்டரின் வரியில் அழுத்தி மறைத்துக்கொண்டு மேல் வரியைப் படித்தேன். "சண்முகம். சலூனுங்க சேர்."

"குதிரைக்கு என்ன பேர்?" என்று மாஸ்டரிடம் திரும்பினார்.

"பூச்சியமுங்க தொர."

"பூச்சியமோ! ஆர் வைச்ச பேர்?"

"அது... முன்னுக்கு வச்சிருந்த ஒரு வாத்தியாருங்க. கொஞ்சம் லூசுங்க."

சிறுமியை ஏற்றிக்கொண்டு மாஸ்டர் கயிற்றைப் பிடித்து நடந்தார். பாதித் திடல் போயிருப்பார்கள். அந்தக் குளிரிலும் ஐஸ்கிரீம் விற்க ஒருவர் வருவார், அவர் வண்டியின் பழைய மணியை மாற்றி அன்றுதான் பெரிய மணி ஒன்று கட்டியிருந்தார். அதை ஆட்டினார். டாங், டாங்.

பூச்சியம் காதை நிமிர்த்தியது. பந்தயம் தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த கணம் பாய்ந்தது.

சிறுமி சேணத்தைக் கட்டிப்பிடித்துக் குனிந்து கிடந்தாள். மாஸ்டர் கயிற்றை விடவில்லை. ஓடினார், தடுக்கினார், சேற்றில் முழங்கால் இழுபட்டது, மறுபடி எழுந்து ஓடினார். குல்லா பறந்தது. பியசேனவின் குதிரையைப் பூச்சியம் முந்தியது, மினிஸ்டரையும் முந்தியது. வாழ்நாளில் அது யாரையாவது முந்தியது அன்றுதான்.

"நில்லடி! பிள்ளை இருக்கிறா மேலை! நில்லெண்டு சொல்லுறன், என்ரை ராசாத்தி, நில்லடி!"

திடல் முழுக்க யாழ்ப்பாணம் எதிரொலித்தது. பூச்சியம் அந்தக் குரலுக்கு வேகம் குறைத்து, இன்னும் கொஞ்சம் குறைத்து, நின்றது. மூச்சிரைக்க நான் ஓடிப் போனேன். அதிகாரி எனக்கு முன்னே ஓடினார். சலூனிலிருந்து சண்முகம் அண்ணன் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். அவர் பின்னால் ஒரு கன்னத்தில் மட்டும் சவர்க்கார நுரையோடு, கழுத்துத் துண்டு பறக்க, பாதிச் சவரத்தில் விடப்பட்ட ஒருவரும் ஓடிவந்தார், ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே.

அதிகாரி மகளை வாரி எடுத்து, கை கால் தலை எல்லாம் தடவிப் பார்த்தார். அவள் முகம் சிவந்து சிரித்தாள். "அப்பா, இன்னொருக்கா!"

மாஸ்டர் அப்போதும் பாடத்தை மறக்கவில்லை. "மன்னிச்சுக்கிருங்க தொர" என்றார் மூச்சு வாங்க.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப கத்தினது எந்த ஊர்ப் பாஷை?"

"உடுப்பிட்டி, சேர்."

"காலமை பள்ளிக்கூடத்திலை ஒரு கடிதம் பாத்தனான். கணித ஆசிரியருக்கு முதுகுப்பிடிப்பாம். நிமிர ஏலாதாம்."

"ஓம் சேர்."

"இப்ப நிமிருதோ?"

"ஓடேக்கை நிமிந்திட்டுது, சேர்."

நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் என் பக்கம் கையை நீட்டினார். "பதிவேட்டைத் தாரும் தங்கச்சி." கொடுத்தேன். பயிற்றப்பட்ட கணித ஆசிரியர் என்று முத்து முத்தாக எழுதியிருந்த வரியை அவர் விரலால் தொட்டுப் படித்தார். "வரி மாறிப் படிச்சிட்டேன் சேர்" என்றேன். அப்பா ஊரெல்லாம் அடித்த பெருமை கண்முன் வந்து போனது.

அதிகாரி பதிவேட்டை மூடினார். மாஸ்டரின் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு அறுத்துத் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"கயித்தை விட்டிருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு முதலாம் பாடத்துக்கு வருவன். நீர் வகுப்பிலை நிக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தாராம். கடைசி வாங்கில் ஒரு பாடம் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். கைக்கட்டோடு மாஸ்டர் கரும்பலகையில் எழுதினாராம். அறிக்கையில், 'கணித ஆசிரியரின் முதுகுப்பிடிப்பு தேறிவருவதை நேரில் கண்டேன்' என்று எழுதிப் போனதாக மாஸ்டரே சொன்னார். என் வேலையும் ஒரு கீறல் இல்லாமல் தப்பியது. ஐஸ்கிரீம்காரர் மட்டும் பழைய மணிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

சில வருடங்களில் யாழ்ப்பாணப் பாதை திறந்தது. மாஸ்டருக்கு ஊருக்கு மாற்றம் கிடைத்தது. அத்தனை தூரம், அந்த வெயிலில், குளிரில் பழகிய கிழட்டுக் குதிரையைக் கொண்டுபோக முடியாதென்று டொக்டர் கையை விரித்துவிட்டார். சண்முகம் அண்ணனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார் மாஸ்டர். அதன் பிறகு பூச்சியம் யார் சொன்னாலும் நகரவில்லை. "அடம் புடிக்குது தங்கச்சி" என்றார் சண்முகம் அண்ணன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக் கொட்டிலுக்குள் மெல்லச் சொன்னதை நான் கேட்டேன்.

"நடவடி புள்ள. என்ர ராசாத்தி, நடவடி."

உச்சரிப்பு மோசம். ஆனாலும் பூச்சியம் நடந்தது.

இரண்டு மழைக்காலம் கழித்து அது செத்தது. கொமியூனிகேஷன் கடையிலிருந்து உடுப்பிட்டிக்கு டெலிபோன் எடுத்து நான்தான் பேசினேன். மாஸ்டர், "கடைசியா என்ன திண்டவ?" என்று கேட்டார்.

"கரட் மாஸ்டர்."

"இலையோடையோ?"

"இலையோடதாங்க."

"நல்லது" என்றார். வைத்துவிட்டார்.

இன்று அந்தக் கொமியூனிகேஷன் கடை இல்லை. சலூன் இருந்த சாரியையே இடித்துக் கட்டிவிட்டார்கள். சண்முகம் அண்ணனும் மாஸ்டரும் இல்லை. பியசேன எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. நுவரெலியாவில் இப்போதும் குதிரைகள் நிற்கின்றன. பளபளவென்று இருக்கின்றன. பிடித்திருப்பவர்கள் ஒரே மாதிரித் தொப்பி போட்டு, வேளைக்கு வந்து வேளைக்குப் போகிறார்கள். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி, ஒருவர் கன்னத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடிவரும் ஆள் மட்டும் அங்கே இல்லை.