பூசையன்று கழற்றாத வால்வு

"ஓடுற வால்வ எதுக்கும்மா கழட்டணும்? நீ படிச்சது பத்தாதுன்னு அதுக்கும் பாடம் நடத்தப் போறியா?" என்று மேஸ்திரி கேட்டார். பால் சங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அது.

யுத்த காலம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மதுரைக்கு வரும் பாலைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி ஆறவைப்போம். பிறகு அதன் அடியிலிருந்த பித்தளை வால்வைத் திறந்து கேன்களில் பிடிப்போம். பெரும்பகுதி ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குப் போகும். கொப்பரையோடு வந்த இங்கிலீஷ் குறிப்பைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்ததால் என்னை எடுத்தார்கள். எழுமலையில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை.

வால்வு நன்றாக இருந்தாலும் தினமும் பிரித்துக் கொதிநீரில் போட வேண்டும், ரப்பர் வளையத்தைக் கிழியும் முன்பே மாற்ற வேண்டும் என்றது குறிப்பு. அப்படியே செய்தேன். பால் கெடவில்லை. கெடாததாலேயே நான் வீண்வேலை செய்வதாக மேஸ்திரி நினைத்தார்.

ஆயுத பூசையன்று ஸ்பானர், தராசு, சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் போய்விட்டன. மறுநாள் பூசை முடியும்வரை தொடக்கூடாது. ஆனால் குழந்தைகளுக்குப் பாலை நிறுத்த முடியாதே. சாயங்காலப் பால் வழக்கம்போல் வால்வு வழியாக ஓடியது. அதன்பின் வால்வைக் கழற்றிக் கழுவ மேஸ்திரியிடம் ஸ்பானர் கேட்டேன்.

"சாமிக்கு வச்சத எடுக்கச் சொல்றியே, நல்லாருக்கா? ஒரு நா கழட்டாட்டி என்ன ஆயிரும்?"

கையால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. கொப்பரையில் வெந்நீர் ஊற்றி வால்வு வழியாக விட்டேன். உள்ளே இடுக்கில் தங்கும் பாலை அது தொடாது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நான் போவதற்குள் மேஸ்திரி புதுப் பாலைக் கேன்களில் பிடித்திருந்தார். வடிகட்டிய துணியில் மஞ்சள் திப்பிகள் கிடந்தன. புளித்த வாடை.

"வடிகட்டியாச்சுல்ல, அனுப்பு. புள்ளைக பசியாக் கெடக்கும்" என்றார்.

அது பொய்யில்லை. அந்த வார்டை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்கில் வற்றி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும் குழந்தைகள்.

"இதக் குடிச்சா அதுக தாங்காதுண்ணே" என்று சொல்லிவிட்டு, கேன்களை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தேன். மேஸ்திரி தடுக்கவில்லை. சங்கத்துச் செக்ரட்டரி வந்ததும் என் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று மட்டும் சொன்னார்.

கொப்பரையில் மிஞ்சியிருந்த, வால்வு படாத பாலை, கொதிக்கவைத்த அகப்பையால் மேலாக மொண்டேன். ஒரு கேன்கூட நிறையவில்லை. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கே அது போதாது.

"இதக் கொண்டுபோய் நான் என்னன்னு சொல்ல தாயி?" என்றார் ஆஸ்பத்திரிக்குப் பால் ஏற்றிப்போகும் வண்டிக்காரர். அவரை அங்கே ஏச்சு வாங்க விட எனக்கு மனம் வரவில்லை. பசித்த பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

செக்ரட்டரிக்காக நான் காத்திருக்கவில்லை. அவர் வந்தபோது வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலம் ஏறியிருக்கும். நான் கேனைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.