சீலிங்காரரின் தோள்

பெயிண்ட் அடிக்கிறவர்கள் மத்தியில் அவருக்குச் சீலிங்காரர் என்று பெயர். நாள் முழுக்க அண்ணாந்தபடி ரோலர் உருட்டினாலும் ஒரு முனகல் வராது. அந்த மனிதருக்குத்தான் மதியத்துக்கு மேல் கை தூக்க முடியாமல் போனது.

காலையில் ஒரு குறையும் இருக்காது. பொழுது ஏற ஏறத் தோள் கனக்கும், ரோலர் தானாகக் கீழே இறங்கும். சாயங்காலமானால் இமை பாதிக் கண்ணை மூடிக்கொள்ளும், நாக்கு குழறும். வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த மைத்துனன் ஒருநாள் பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்தான்.

"மாமா, போட்டிருந்தா சொல்லிடுங்க. சாரத்து மேல ஏத்தமாட்டேன்."

ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர் அவர். இல்லை என்று சொல்ல வாயெடுத்தால், அந்த வார்த்தையும் குழறித்தான் வந்தது. வீட்டில் மனைவி துவைக்க எடுத்த சட்டையை முகர்ந்து பார்த்தாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

ஒரு டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார், இன்னொருவர் சத்து மாத்திரை கொடுத்தார். அடுத்தவர்தான் நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். குளிரூட்டிய சின்ன அறை. அங்கிருந்த பெண் தோளில் ஒயர்களை ஒட்டி, கழுத்தோரம் ஒரு கருவியை அழுத்திப் பிடித்தாள்.

"சுளீர்னு இருக்கும் ஐயா. ஒண்ணு மேல ஒண்ணா வரும். நீங்களா அசைக்காதீங்க."

கரண்ட் பட்டதும் தோள் அவரைக் கேட்காமலே துள்ளியது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு துள்ளலுக்கும் திரையில் ஒரு மேடு எழுந்தது. முதல் மேடு உயரம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது இன்னும் குட்டை.

"கரண்ட்டைக் குறைக்கிறியாம்மா?"

"இல்லையே ஐயா. ஒரே அளவுதான்."

டாக்டர் அவரையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். "நரம்பு நல்லா இருக்கு, சதையும் நல்லா இருக்கு. நரம்பு சொல்றது சதைக்குப் போய்ச் சேர்ற இடத்தை உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே தாக்குது. அதான் முதல் தடவை சொன்னா சதை கேக்குது. திரும்பத் திரும்பச் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"எங்க வீட்டுப் பசங்க முதல் தடவையே கேக்க மாட்டாங்க" என்றார் அவர். டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"முழுசாக் குணமாயிடுமா டாக்டர்?"

"கட்டுக்குள்ள வச்சுக்கலாம்மா."

வெளியே வராந்தாவில் அவள் உடைந்துபோனாள். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே."

விடு என்று சொல்லத்தான் நினைத்தார். நாக்கு புரளவில்லை. அவள் தோளில் கை வைத்தார். சற்று நேரத்தில் கை வழுக்கிக் கீழே விழுந்தது. கோபத்தில் எடுத்துக்கொண்டதாக நினைத்து அவள் இன்னும் அழுதாள்.

மாத்திரை போட்டால் சில மணி நேரம் உடம்பு சொன்னபடி கேட்கும். மைத்துனன் இப்போது அவருக்கு ஜன்னல் கம்பியும் சுவரின் அடிப்பகுதியும் மட்டும் தருகிறான், அதுவும் காலையில். சீலிங்கை வேறொருவன் அடிக்கிறான், திட்டுத்திட்டாக. நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் உறுத்தும். அதனால் அவர் நிமிர்வதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் பாதியில் தாடை நின்றுவிடுகிறது. உள்ளங்கையால் அதைத் தாங்கி மூடித் திறந்து மென்று முடிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி அந்த நேரம் பார்த்து டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.