வியாழக்கிழமை டப்பாக்களும் என் அபிப்பிராயமும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நான். பேனா பிடிப்பதைவிட புரொஜெக்டர் தூக்குவது எனக்குச் சுலபம். ஆனால் எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனும் ஒரே கேள்வியைக் கேட்கிறான்: "அண்ணே, படம் எப்படின்னு பார்ட்டி கேட்டா என்ன சொல்றது?" சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் அவனவன் படித்துக்கொள்வான், நான் டீ குடிக்கப் போகலாம்.

கடை

காரைக்குடியில் காசிம் பாய் கடை என்றால் தெரியும். பதினாறு எம்.எம். மெஷின், ஸ்கிரீன், ஸ்பீக்கர், படம், ஆபரேட்டர் எல்லாம் சேர்த்து வாடகை. ஆபரேட்டர் என்பது நான்.

கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எது வந்தாலும் வீட்டிலேயே படம் போடுவது இப்போது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. செட்டியார் வீடுகளில் அதற்கு இடப் பஞ்சமே கிடையாது. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வளவு என்கிற பெரிய முற்றம். இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் கயிறு கட்டி ஸ்கிரீனைத் தொங்கவிட்டால் டிக்கெட் இல்லாத கொட்டகை தயார்.

வியாழக்கிழமைதோறும் மதுரை பஸ்ஸில் படப்பெட்டி வரும். அன்றைக்குப் பகல் முழுவதும் கடையில் கூட்டம். "இந்த வாரம் என்ன புதுசு?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். உண்மையில் டப்பாதான் புதுசு. படம் எல்லாக் கொட்டகையிலும் ஓடி, கால் ஓய்ந்து வந்து சேர்ந்திருக்கும்.

பாயிடம் அபிப்பிராயம் கேட்டால் கை கூப்பிவிடுவார். "நான் அரிசி விக்கிறவன்னு வச்சுக்கங்க. சோறு ருசியா இருக்குமான்னு என்னயக் கேட்டா எப்படி?" என்பார். எனவே எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"அரை மணி நேரம் மழை பெய்யுது, கதாநாயகிக்குச் சளி மட்டும் பிடிக்கல. எடுக்கலாம்."

"இதுல ஒரு நாய் வருது, நல்லா நடிச்சிருக்கு. மத்தவுக அதப் பாத்தாவது கத்துக்கிட்டிருக்கலாம்."

"முன்பாதி கல்யாணம், பின்பாதி கோர்ட்டு. ஒங்க வீட்டுக்கு முன்பாதியே போதும்."

இப்படி ஆளுக்கு ஒன்று. ஜனங்கள் சிரித்துக்கொண்டே முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை. அவன் லேம்பைப் பார்ப்பான், மெஷினுக்குள் ஃபிலிம் வளைந்து ஓடுகிற லூப் நழுவுகிறதா என்று பார்ப்பான், அடுத்த ரீலை எடுத்து வைப்பான். கடைசி ரீல் ஓடும்போது வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவான். எனக்கு எல்லாப் படத்திலும் ஆரம்பம் மட்டும்தான் தெரியும்; மற்றதெல்லாம் டப்பாவில் ஒட்டிய படத்தைப் பார்த்து அடித்துவிடுவது. நான் அறிந்தவரையில் சினிமாவில் யாரும் செத்ததே இல்லை.

நெற்குப்பையில் நடந்தது

நெற்குப்பையில் ஒரு செட்டியாருக்கு அறுபதாம் கல்யாணம். "சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிரும் ஐயா" என்று ஒரு படத்தைக் கொடுத்தேன். சிரித்தார்கள். நானும் நிம்மதியாக வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வளவே அமைதியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஸ்கிரீனில் கதாநாயகனுடைய அப்பாவுக்கும் அறுபதாம் கல்யாணம். மாலை போட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்.

முன்வரிசையில் அதே மாதிரி மாலையோடு உட்கார்ந்திருந்த செட்டியார் மெதுவாகத் திரும்பினார். "தம்பி, நான் இன்னும் சாப்பிடல. மெசின நிப்பாட்டுப்பா" என்றார்.

மறுநாள் காலை பாய் என்னைக் கடைக்கு வெளியே நிறுத்திப் பேசினார். "டேய் மாணிக்கம், இனிமே படத்தப் பத்தி ஒரு வார்த்த ஒன் வாயிலருந்து வந்துச்சு, ஒங்கப்பன் பட்டறைக்கே போயிரு. கேட்டாகன்னு சொல்லாத, ஆச்சி கேட்டாலும் சரி, அமைச்சரு கேட்டாலும் சரி."

எங்கள் அப்பா தச்சாசாரி. நிலைக்கதவு செய்தால் சாமி இறங்கி வந்து தட்டும் என்பார்கள். எனக்கோ மரத்தூள் பட்டால் தும்மல். இழைப்புளியைப் பிடித்தால் பலகை மேடு பள்ளமாகிவிடும். அப்பா "எப்படா வருவ?" என்று எனக்காக ஓர் உளியைத் தனியாகத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடையைவிட்டால் பட்டறைதான். அதனால் வாயைத் தைத்துக்கொண்டேன்.

கோட்டையூர் ஆச்சி

தையல் ஒரு மாதம் தாங்கியது. ஒரு வியாழக்கிழமை, பாய் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் போன சமயம், கோட்டையூர் உமையாள் ஆச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"ஏப்பா, எது நல்ல படம்?"

"எல்லாம் நல்ல படந்தான் ஆச்சி."

"எல்லாம் நல்ல படம்னா நான் எதுக்கு வெயில்ல வந்தேன்? ஒரு எடத்துல ஒக்காந்து எல்லாத்தையுமா பாக்க முடியும்? சொல்லு."

"மொதலாளி வந்துரட்டும் ஆச்சி."

"அவுக அரிசிக் கதையச் சொல்லுவாக. நீ ஆசாரி மகன்தான? ஒங்கப்பன் எங்க வீட்டுக் கதவுக்கு வாய் ஓயாம பேசிக்கிட்டே வேல பாத்தாரு. ஒனக்கு என்ன வாய்ல பூட்டு?"

பூட்டு அங்கேயே கழன்றது. மேலே இருந்த டப்பாவைப் பார்த்தேன். விளக்கேற்றும் ஒரு பெண் படம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை.

"இத எடுத்துட்டுப் போங்க ஆச்சி. குடும்பப் படம். மருமக வெளக்கேத்துறா. பாத்தா மனசு நெறஞ்சு போகும்."

"அதச் சொல்லு. நாளைக்கு எம்மகன வேற வைக்கிறோம். சம்பந்தி வீட்லருந்து எல்லாரும் வாராக."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், அதே வீட்டுக்குள்ளேயே அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சமையல் என்று நல்ல நாள் பார்த்துப் பிரித்து வைப்பார்கள். அதுதான் வேறு வைப்பது. பெண் வீட்டார் பாத்திரமும் சாமானுமாகக் கொண்டு வந்து இறக்குவார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை, விருந்து போட்டுப் பிரிவது.

பாய் திரும்பி வந்து, "நீ எதுவும் சொன்னியா?" என்றார்.

"ஆச்சியாத்தான் எடுத்தாக பாய்."

"அப்ப சரி. பெரிய வீடு, நாளைக்கு நானும் வாரேன்."

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் படத்தை ஓட்டினேன். முதல் ரீலில் மருமகள் விளக்கேற்றினாள். நல்லது. இரண்டாவது ரீலில் அவள் புருஷனிடம் தனி அடுப்பு கேட்டாள். அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைக் கவனித்துப் பார்த்தேன். மாமியார் அழுகிறார், மாமனார் அழுகிறார், வேலைக்காரனும் அழுகிறான். தனி அடுப்பு வந்தால் குலம் நாசமாம். படம் முழுக்க அதுதான் கதை. நான் நிற்கிற வீட்டில் அன்று காலையில்தான் புது அடுப்பு பற்ற வைத்திருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாய் எந்த நிமிஷமும் வரலாம்.

அப்பா தீட்டிய உளி கண்முன்னால் வந்து நின்றது. லூப்பை நழுவ விடலாமா, லேம்ப் போய்விட்டது என்று சொல்லலாமா என்று சுவிட்சில் கை வைத்தேன். அதற்குள் ஸ்கிரீனில் புது அடுப்பிலிருந்து புகை கிளம்பியது. மாமியார் அதைப் பார்த்தார். இடுப்புக் குடம் நழுவி உருள, "ஐயோ, அடுப்பு ரெண்டாயிருச்சே!" என்று அலறி மயங்கி விழுந்தார்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஆச்சி பக்கம் திரும்பின. பிறகு உமையாள் ஆச்சியின் குரல் கேட்டது.

"அடி இவளே! ரெண்டு அடுப்புக்கா இந்த மயக்கம்? எங்க வளவுல ஏழு அடுப்பு எரியுது. ஒருத்தி விழுந்திருக்காளா?"

சம்பந்தி ஆச்சி விடவில்லை. "அந்தப் பொண்ணு வீட்ல சாமான் சரியா வைக்கல போலருக்கு ஆச்சி. குடத்தப் பாத்தீகளா, ஈயம் பூசக்கூட இல்ல!"

அவ்வளவுதான், வீடே சிரித்தது. புது மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதற்குப் பிறகு படத்தில் யார் அழுதாலும் இவர்கள் சிரித்தார்கள். மாமனார் புலம்பினால், "அப்பச்சிக்கு ஒரு அடுப்புக் குடுத்து ஒக்கார வைங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இந்த நேரத்தில்தான் பாய் உள்ளே வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார், அழுகை. ஜனங்களைப் பார்த்தார், சிரிப்பு. நேரே மெஷினிடம் ஓடி வந்தார்.

"டேய், ஸ்பீடு சுவிச்ச மாத்தி வச்சுட்டியா?"

"ஸ்பீடு சரியாத்தான் இருக்கு பாய்."

"அப்ப எதுக்குடா சிரிக்கிறாக?"

நான் பதில் சொல்வதற்குள், "தம்பி, அந்த மயக்கத்த இன்னொரு தடவ போடு!" என்று ஆச்சியின் கட்டளை வந்தது. ரிவர்ஸில் ஓட்டினேன். விழுந்த மாமியார் எழுந்து நின்றார், குடம் உருண்டு வந்து இடுப்பில் ஏறியது, புகை அடுப்புக்குள் போய் ஒளிந்தது. தூண்கள் மட்டும்தான் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஆச்சி பாயிடம் வந்தார்கள். "ஒங்க பையன் சொன்னது நெசந்தான் பாய். மனசு நெறஞ்சு போச்சு" என்றார்கள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனை மடித்தேன். மடித்து முடித்தபிறகும் மடித்தேன்.

தீர்ப்பு

மறுநாள் பாய் என்னைத் திட்டவில்லை. காரணம், 'கோட்டையூரில் போட்ட சிரிப்புப் படம்' வேண்டும் என்று இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அந்தத் தெம்பில் எங்கள் தெரு வாத்தியார் வீட்டுக்கும் "சிரிப்புப் படம் சார்" என்று அதையே கொடுத்தேன். அங்கே ஆபரேட்டரைத் தவிர எல்லோரும் அழுதார்கள். காலையில் வாத்தியார் கடைக்கு வந்து, "ராத்திரி அழ ஆரம்பிச்ச எங்கம்மா இன்னும் பல்லுகூட வெளக்கல. இதுவாடா சிரிப்பு?" என்று கேட்டார்.

அவர் போனதும் பாய், "பட்டறைக்குக் கெளம்புறியா?" என்றார்.

"பாய், அதே படம். அதே மெசின். அங்க சிரிச்சாக, இங்க அழுவுறாக. நான் என்ன செய்ய?"

பாய் வெற்றிலையை மென்றார். துப்பிவிட்டு வந்துதான் சொன்னார். "படம் ஒண்ணுதான்டா. வீடு வேற. நீ டப்பாவப் பாத்து சொன்ன, வீட்டப் பாக்கல. இனிமே வியாழக்கெழம வந்த படத்த எல்லாம் பின்சொவத்துல ஓட்டிக் கடைசி வரைக்கும் பாரு. யாராச்சும் கேட்டா, மொதல்ல நீ அவுககிட்ட கேளு, என்ன விசேசம், யாரு யாரு வாராகன்னு. அப்புறம் வாயத் தொற. ஒரு படத்த முழுசாப் பாக்காமச் சொன்ன, உளி ஒனக்குத்தான்."

வேலை நிலைத்தது. ஆனால் இப்போது வாரம் முழுக்க அத்தனை படத்தையும் முடிவு வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. சினிமாவில் எவ்வளவு பேர் சாகிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. பட்டறையே மேலோ என்றுகூடச் சில ரீல்களில் தோன்றும்.

புதிதாக வருகிற தம்பிகளே, உங்களுக்குச் சொல்வது இதுதான். படம் எப்படி என்று கேட்டால் படத்தைச் சொல்லாதீர்கள், அவர்கள் வீட்டைக் கேளுங்கள். எனக்கு அது பழக்கமாகிவிட்டது. போன வாரம் பஸ்ஸிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்த கண்டக்டர் சுந்தரம், என் சிநேகிதன், தையில்தான் கல்யாணமானவன், "இந்த வாரம் எதுடா நல்ல படம்?" என்றான்.

"ஒங்க வீட்ல என்ன விசேசம்? மாமியா மருமக சண்டப் படம் ஒண்ணு வந்திருக்கு, போடவா?" என்றேன்.

அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்: "எங்க வீட்ல அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே அடுப்புடா, நான் தெனமும் ஓசியில பாக்குறேன்."